ஆயிரத்து ஐந்துக்கு அப்புறம்

“இருக்கு” என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது. “இருக்குன்னு சொல்லாதீங்க, காட்டுங்க” என்பார். குரல் உயராது, முகமும் கடுக்காது. காட்டும்வரை நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு முதல்முறை வந்த அன்றே அதை நடத்துகிற டீமேக்கர் ஐயா இதில் மாட்டிக்கொண்டார். நெட்வேர்க் பெட்டி வைக்கிற அறைக்குத் தீயணைக்கும் சிலிண்டர் உண்டா என்று அக்கா கேட்டார். “இருக்கு மிஸ், வாசல்லயே மாட்டியிருக்கு” என்றார் ஐயா. அக்கா வாசலுக்குப் போய் அதைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வந்து ஐயாவின் கையில் கொடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை. அந்த வருடப் பரிசோதனை முடிந்ததாக அதன் கழுத்தில் ஓர் அட்டை மட்டும் தொங்கியது. ஐயா சிரித்துச் சமாளித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் நான் கம்பியூட்டர் வேலை பார்த்தேன். அக்கா ஹட்டனில் ஒரு சின்னக் கம்பனிக்காகத் திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போய் நெட்வேர்க் வேலை செய்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஆனாலும் வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் அக்கா. ஏன் இப்படி எதையும் நம்புவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். வயரின் முனையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார்.

“நான் பொறந்த லயத்துல கக்கூஸ் இருக்குன்னு ரெண்டு தடவ கணக்கெடுக்க வந்தவங்க எழுதிட்டுப் போனாங்க. ஒரு தடவ எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். பன்னெண்டு வயசு. இல்லைன்னு சொன்னேன். அந்த ஐயா என்னப் பார்த்துட்டு, இருக்குன்னே எழுதினாரு.”

வேலை முடிந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து ஒரு கோப்பை பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் பஸ் பிடிப்பார். என் கணவர் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் மகளும்தான். மகள் வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்று சொன்னால் அக்கா கையை நீட்டுவார். அவளும் கொப்பியைக் கொண்டுவந்து கொடுப்பாள். மற்றவர்களிடம் எரிந்து விழுகிற பெண் அக்காவிடம் மட்டும் மறுபேச்சுப் பேசியதில்லை. அந்தச் சந்தேகத்தில் அவமானம் எதுவும் கலந்திருக்காது. எல்லோருக்கும் ஒரே அளவில்தான் வைப்பார்.

லயத்துக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையில் நிலம் வெடிப்பு விட்டிருக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் மழை அளக்கிற கருவி ஒன்றும் சைரன் ஒன்றும் தந்தது. கருவி மலை உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். சைரன் கீழே, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைக் காம்பராக் கூரையில். மழை ஓர் அளவைத் தாண்டினால் சைரன் தானாக ஒலிக்கும். ஒவ்வொரு மணிக்கும் மழையின் அளவு அக்காவின் போனுக்கும் குறுஞ்செய்தியாகப் போகும். இரண்டையும் இணைக்கிற வேலை அக்காவிடம் வந்தது.

அந்த வேலைக்காக வந்த நாட்களில்தான் சுவிட்ச் என்பது என்ன என்று எனக்கு விளங்கியது. வரிசையாக வயர் குத்துகிற துளைகள் வைத்த தட்டையான இரும்புப் பெட்டி அது. மலை உச்சியில் சின்னதாக ஒன்று, பிள்ளைக் காம்பராவில் சின்னதாக ஒன்று, நடுவில் எங்கள் தொழிற்சாலையில் பெரியது ஒன்று. மேலே இருந்து வருகிற செய்தி நடுப்பெட்டி வழியாகத்தான் கீழே சைரனுக்கும் வெளியே அக்காவின் போனுக்கும் போக வேண்டும்.

“ஒரே பெட்டிதான்” என்றார் அக்கா. “ஆனா உள்ளுக்குள்ள நம்பர் குடுத்துப் பிரிச்சு வைக்கலாம். பத்துல இருக்கிறது பத்தோட மட்டும் பேசும். இருபது இருபதோட பேசும். பக்கத்துப் பக்கத்துல குத்தியிருந்தாலும் ஒன்னுக்கு ஒன்னு தெரியாது. அதுக்குத்தான் ‘விலேன்’னு பேரு. இந்த மழைக்குன்னு ஒரு நம்பர் வச்சா, அது மூணு பெட்டியிலயும் இருக்கணும். நடுவுல ஒன்னுல இல்லேன்னா அங்கயே நின்னுரும்.”

“எத்தன நம்பர் வைக்கலாங்க்கா?”

“பூச்சியத்துல இருந்து நாலாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு வரைக்கும் எழுத எடம் இருக்கு. மொதலும் கடைசியும் நமக்கில்ல. ஒன்னாம் நம்பரு, பெட்டி வரும்போதே இருக்கும். ரெண்டுல இருந்து ஆயிரத்து ஒன்னு வரைக்கும் நம்ம இஷ்டம்.”

திரையில் பட்டியலைக் காட்டினார். கடைசியில் ஆயிரத்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நான்கு எண்கள் நின்றன. இவற்றை யார் வைத்தது என்று கேட்டேன்.

“யாரும் வைக்கல. அந்தக் காலத்துல வேற மாதிரி நெட்வேர்க் இருந்துச்சு, அதுக்கு ஒதுக்குனது. இப்ப யாரும் பாவிக்கிறதில்ல. ஆனா அழிக்கவும் முடியாது. எப்பவும் அங்க நிக்கும். அதுக்கு அப்புறம் ஆயிரத்து ஆறுல இருந்து இன்னொரு கூட்டம். அதுவும் நல்ல நம்பருதான். ஆனா இந்த மாதிரிப் பெட்டிங்க அத ஒரு மாதிரி நடத்தும். ஆயிரத்து அஞ்சுக்குள்ள நாம என்னா வச்சாலும் தானாவே ஒரு ஃபைல்ல எழுதி வச்சுக்கும். பக்கத்துப் பெட்டிக்கும் சொல்லிக் குடுக்கும். அதுக்கு மேல வச்சா எழுதாது, சொல்லியும் குடுக்காது. நாமதான் சேவ் பண்ணணும். பண்ணாம விட்டா, கரண்டு போனா அதுவும் போயிரும்.”

அப்படியானால் கீழ் எண்ணிலேயே ஒன்றை வைத்துவிடலாமே என்று நான் சொன்னேன். அவருடைய எண்ணமும் அதுதான். ஆனால் எந்தத் தோட்டத்தில் எதற்கு எந்த எண் என்பதைத் தோட்டக் கம்பனியின் தலைமை அலுவலகம்தான் தீர்மானிக்கும். அலுவலகத்துக்குப் பத்து, கொழுந்துத் தராசுக்கு இருபது, கமராவுக்கு முப்பது, பங்களாவுக்கு நாற்பது என்று ஆயிரம் வரைக்கும் தோட்டவாரியாகப் பிரித்து ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அக்கா என் மேசையில் உட்கார்ந்து, அலுவலக மின்னஞ்சலிலேயே ஓர் எண் கேட்டு எழுதினார். மறுநாள் பதில் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் திட்டத்தில் லயங்களுக்கென்று எண் எதுவும் இல்லை, அது தொழிலாளர் சம்பந்தப்பட்டது, நம் எண்களுக்கு வெளியே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். “ஒரு பிரதி எடுத்துத் தாங்க” என்றார். இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்றை அவர் பையில் வைத்துக்கொண்டார். மற்றது என் மேசை லாச்சியில் கிடந்தது. மழைக்கு இரண்டாயிரத்து நூறு என்ற எண்ணை வைத்தார். மூன்று பெட்டிகளிலும் சேவ் செய்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டுபோய், ஒவ்வொரு பெட்டியின் மின்சாரத்தையும் பிடுங்கி மறுபடி குத்தி, பட்டியலில் இரண்டாயிரத்து நூறு வருகிறதா என்று பார்த்தார். மூன்றிலும் வந்தது.

சைரனைச் சோதித்த ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டு நின்றது. பெருமாள் மாமா எங்கள் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா. ஓய்வுபெற்ற பிறகும் காலையில் எழுந்து, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களம்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனிதர். அவர்தான் முன்னால் நின்று, “என்னமோ வில்லன் வில்லன்னு சொல்றீங்களே பிள்ள, யாரு அந்த வில்லன்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காகூடச் சிரித்தார். ஒரு வாளித் தண்ணீரை மேலே கருவியில் ஊற்றச் செய்தார். சைரன் அலறியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“இது அடிச்சிச்சுன்னா ஒன்னையும் எடுக்காம பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க” என்றார் அக்கா. “அடிக்கலேன்னா பயப்படாதீங்க. சும்மா சும்மா பயந்து ஓடி வேலையக் கெடுத்துக்க வேணாம்.”

“காட்டிட்டீங்கல்ல, அது போதும்” என்றார் பெருமாள் மாமா.

இரண்டு வருடம் அது ஒழுங்காக வேலை செய்தது. ஒருமுறை ஒலித்து, நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பகல் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

பிறகு ஒரு மின்னல் எங்கள் பெரிய பெட்டியைக் கருக்கியது. தராசு வேலை செய்யாவிட்டால் தொழிற்சாலை நின்றுவிடும் என்று கொழும்பிலிருந்து அன்றே ஒரு டெக்னீசியனை அனுப்பினார்கள். வேறு தோட்டத்தில் கழற்றிய பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா அப்போது ராகலையில், தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தார். டெக்னீசியன் தன் திட்டத்தில் இருந்த எண்களையெல்லாம் போட்டு, சேவ் செய்து, தராசை ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பத் தயாரானார். மழைக்கருவியை நான்தான் ஞாபகப்படுத்தினேன். அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் எண்ணைச் சொன்னார், இவர் தட்டினார். இரண்டு நிமிடத்தில் அக்காவின் போனுக்கு மழையளவுச் செய்தி வந்துவிட்டது.

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது. “சேவ் பண்ணுனீங்களா?”

“எல்லாம் பண்ணிட்டேன் மிஸ். இருக்கு.”

பின்னால் குழந்தை அழுகிற சத்தம். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “சரி” என்று சொல்லிப் போனை வைத்தார். காட்டுங்கள் என்று கேட்கவில்லை. நான் அவரை அறிந்த காலத்தில் கேட்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. இரண்டாம் நாள் காலையில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் போட்டார்கள். பெட்டி மறுபடி உயிர் பெற்றது. தராசு ஓடியது, கமரா ஓடியது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். மலையில் வேலை இல்லாததால் லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நான் மட்டும் அலுவலகத்தில். லேண்ட் போன் அடித்தது. அக்கா.

“ராகலையில நேத்துல இருந்து சிக்னல் இல்ல. இப்பதான் வந்துச்சு. எனக்கு நேத்துக் காலைல எட்டு மணிக்கு அப்புறம் ஒரு மெசேஜும் வரல. பெட்டியப் பாருங்க.”

“எல்லா லைட்டும் பச்சையா எரியுதுக்கா.”

“லைட்ட விடுங்க. பட்டியல எடுத்து வாசிங்க.”

அவர் சொன்னபடி தட்டினேன். வாசித்தேன். ஒன்று. பத்து. இருபது. முப்பது. நாற்பது. ஆயிரத்து இரண்டு. ஆயிரத்து மூன்று. ஆயிரத்து நான்கு. ஆயிரத்து ஐந்து.

“அதுக்கு அப்புறம்?”

“அதுக்கு அப்புறம் ஒன்னுமில்லக்கா.”

“நேத்து எட்டு மணிக்கே அளவு கிட்டத்தட்ட வந்துருச்சு. ஓடுங்க. லயத்துல ஒருத்தரையும் வைக்காதீங்க. ஓடுங்க” என்றார்.

ஓடினேன். ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டினேன். என் மகள் என்னைப் பார்த்த பார்வையிலேயே செருப்பில்லாமல் வெளியே வந்துவிட்டாள். பன்னிரண்டு காம்பராக்கள், ஐம்பது பேருக்கு மேல். மழைக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பாதையில் இறங்கினார்கள். பெருமாள் மாமா வாசல் இஸ்தோப்பில் நின்றார். அவர் மனைவியை ஏற்கெனவே அனுப்பியிருந்தார்.

“வாங்க மாமா.”

“சைரன் அடிக்கலயே.”

“அது வேல செய்யல மாமா. அக்காதான் போன் பண்ணுனாங்க.”

“அந்தப் பிள்ள கண்ணு முன்னாடி காட்டுச்சு. அது அடிக்கும். அடிச்சா வர்றேன். இவங்க எல்லாம் போட்டது போட்டபடி ஓடுறாங்க, யாராவது ஒருத்தர் இருக்கணும்ல. நீ பிள்ளயப் பாரு, போ.”

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டது கோபத்தில் இல்லை. அவசரப்படுகிற சிறுபிள்ளையை விலக்குகிற மாதிரித்தான் இருந்தது. பாதையின் வளைவில் மகள் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் அவளிடம் போனேன்.

பள்ளிக்கூடத்தின் கடைசிப் படியில் கால் வைத்தபோது பின்னால் சத்தம் கேட்டது. லொறி மண் கொட்டுகிற சத்தம் போல. ஆனால் அது நிற்கவே இல்லை. பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூட்டம் விலகியபோது முதல் ஐந்து காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவந்த மண் இருந்தது.

மாமாவை மறுநாள்தான் எடுத்தார்கள்.

மண் சரிந்த அன்று மாலையே அக்கா போன் செய்தார். எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். யார் என்று கேட்டார். சொன்னேன். “ஏன் அவரு வரல?” என்றார்.

“ஆட்டை அவுக்கப் போனாருக்கா” என்று பொய் சொன்னேன்.

விசாரணை அலுவலகத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தோட்ட நிர்வாகிகளான பெரிய தொரையும் சின்ன தொரையும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எழுதுகிற வேலை எனக்கு. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கேள்விகள். டெக்னீசியன், தான் சேவ் செய்ததாகவே சொன்னார். அவர்கள் அதை அதிகம் கிளறவில்லை. ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாக அக்காவிடம் கேட்டார்கள்.

“ஆயிரத்து ஐந்துக்குக் கீழே ஓர் எண் வைத்திருந்தால், சேவ் செய்யாவிட்டாலும் பெட்டி அதை ஞாபகம் வைத்திருக்கும், அப்படித்தானே?”

“ஆமா.”

“அப்படியானால் இது நடந்திருக்காது.”

“நடந்திருக்காது.”

“பிறகு ஏன் இரண்டாயிரத்து நூறு?”

அக்கா மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னார். பிரதி இருக்கிறதா என்று கேட்டார்கள். அவருடைய பிரதி ஹட்டன் அலுவலகத்துக் கோப்பில் வைத்தது, இப்போது அங்கே அதைக் காணவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து அப்படி ஒரு கடிதமே போகவில்லை என்றார்கள். மூவரில் நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்தார். “உங்கள் மின்னஞ்சலில் இருந்துதான் எழுதியதாகச் சொல்கிறார். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?”

என் லாச்சி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அப்போது பள்ளிக்கூட மண்டபத்தில் சேலைகளைத் திரைபோலக் கட்டிப் படுத்திருந்தோம். புது வீடுகளுக்கான பெயர்ப்பட்டியல் பெரிய தொரையின் மேசையில் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். கணவன் தோட்டத்தில் வேலை செய்யாத, எங்களைப் போன்ற குடும்பங்களைப் பின்னால் பார்க்கலாம் என்று சின்ன தொரை சொல்லியிருந்தார்.

“நிறையக் கடிதம் வரும் போகும், சேர். ஞாபகம் இல்லை” என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் எழப்போகிற நேரத்தில், யாரும் கேட்காமலேயே, “அவர் சேவ் பண்ணிட்டேன்னு சொன்னப்ப நான் காட்டச் சொல்லியிருக்கணும். அத எழுதிக்கங்க” என்று தமிழில் என்னிடம் சொன்னார். எழுதிக்கொண்டேன். அறிக்கையில் கடைசியில் அந்த ஒரு வரிதான் நின்றது. எங்கள் கம்பனித் தோட்டங்கள் எதிலும் அவருக்கு இனி வேலை இல்லை என்று ஹட்டனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அவர் வந்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தின் பின்புறம் தகரக்கொட்டகையில் சமையல். நேராக மாமியிடம் போய்க் கீழே உட்கார்ந்தார். மாமி அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ஓம் மேல கோவம் இல்ல சாமி. நீ போன் பண்ணுனதுலதான் இத்தன உசுரு இருக்கு. அவருதான் சைரன் அடிச்சா வர்றேன், அந்தப் பிள்ள சொன்னா சொன்னதுதான்னு நின்னுட்டாராம். கடைசியா அதத்தான் சொன்னாராம்.” என்னைக் காட்டினார். “இவதான் சொன்னா.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாமியின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். தூறல். இரண்டு பேருக்கும் ஒரே குடை. பாதி வழியில் நான்தான் ஆரம்பித்தேன்.

“அந்தக் கடிதம் என் லாச்சியிலதான் இருக்குக்கா. அன்னைக்கும் இருந்துச்சு.”

“தெரியும்.”

“நான் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்” என்றார்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. இப்போது கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். யாரிடம் என்றார். தலவாக்கலை பஸ் வளைவில் தெரிந்தது. குடையை என் பக்கம் தள்ளிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“வீட்டுக்குப் பேரு வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா. மொதப் பட்டியல்லயே.”

“நல்லது. பிள்ளைக்கு ஒரு எடம் வேணும்ல” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விசாரித்தார். ஏறி, முன் சீட்டில் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு அறை, தனிக் குழாய். கடிதத்தை இங்கே கொண்டுவந்து, மகளின் சான்றிதழ்கள் வைக்கிற ஃபைலுக்குள் வைத்திருக்கிறேன். அக்கா கட்டாரில் ஏதோ கம்பனியில் இருப்பதாகக் கேள்வி. அவருடைய எண் என் போனில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, போன் பண்ணாமல் வைத்துவிட்டேன்.